ஒருத்தியும் கை தூக்கவில்லை

நான் பொறுமைசாலி இல்லை. பஸ் பத்து நிமிடம் பிந்தினால் கொண்டக்டரிடம் விளக்கம் கேட்கிற ஆள். சிவதர்ஷினி மிஸ் போனால் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடியும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது. யாராவது கேட்டால் மழை பெய்தது, பஸ் நாலு மணிக்கு, தனி அறை இல்லை என்று மூன்று காரணம் சொல்லலாம். மூன்றும் உண்மைதான். மூன்றையும் சேர்த்தாலும் நான் செய்த பிழைக்குக் கிட்டவும் வராது.

மாத்தளை நகரில் பெண்களுக்காக வேலை செய்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து உத்தியோகத்துக்காக வடக்கிலிருந்து வந்து, அலுவிகாரையில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தும் நாக்கு மட்டும் மாறவில்லை. நான் "வாங்கோ, இருங்கோ" என்றால் தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை.

போன வருடம் எங்களுக்குக் கிடைத்த வேலை, இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு பெண்களுக்கு மாதவிடாய் டிஸ்க் கொடுத்துப் பழக்குவது. உள்ளே வைத்துக்கொள்கிற, கழுவிக் கழுவி வருடக்கணக்கில் பாவிக்கிற சிலிக்கன் சாமான். வளையம் ஒன்று, அதற்குள் மெல்லிய கிண்ணம். பெண்கள் அதைக் கண்டதும் 'மிஸ்ஸோட மூடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போய்ப் பேசவில்லை. ஐந்து மாதம் பாவித்துப் பார்த்தபிறகுதான் போனேன். முதல் மாதம் குளியலறையில் அரை மணித்தியாலம் குந்தியிருந்து, டிஸ்க் கையிலிருந்து வழுக்கி வாளிக்குள் விழுந்து, அம்மா கதவைத் தட்டி உனக்கு என்ன செய்யுது என்று கேட்டதெல்லாம் நடந்தது. இரண்டாம் மாதம்தான் பிடிபட்டது. மேலே தள்ளக் கூடாது. மடித்து, பின்பக்கமாக, முதுகெலும்பின் அடிநுனியைப் பார்த்துத் தள்ள வேண்டும். பிறகு முன்விளிம்பை ஒரு விரலால் ஏற்றி முன்னெலும்புக்குப் பின்னால் செருகிவிட்டால் அது அங்கேயே இருந்துவிடும். சரியாக உட்கார்ந்தால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. குத்தினால் உட்காரவில்லை என்று அர்த்தம், எடுத்துத் திரும்ப வைக்க வேண்டியதுதான். வலியைப் பொறுத்துக்கொள்கிற சோலியே இதில் இல்லை. மூன்றாம் மாதம் நான் அதை வைத்துக்கொண்டு யட்டவத்தை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன். ஊரெல்லாம் கூவிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்தத் தோட்டத்தில் இதற்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் மலைக்கு ஏறினால் நாலரைக்குத்தான் இறக்கம். மலையில் மலசலகூடம் இல்லை. மழைக்குத் துணியும் ஊறும், பேட்டும் ஊறும், தொடை உரசிப் புண்ணாகும். மூன்று நாள் கால்களை அகட்டி நடக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றையும் மாற்றாமல் நிற்கலாம் என்பது அவர்களுக்கு நல்ல நாலு மலசலகூடம் கட்டிக் கொடுத்ததற்குச் சமம்.

ஆனால் வா என்றதும் யாரும் வந்துவிடமாட்டார்கள். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு மூத்த பெண்ணைக் கண்டுபிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவோம். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் மற்ற மாமியார்கள் தங்கள் மருமகளை அனுப்ப மறுக்கமாட்டார்கள். இந்தத் தோட்டத்தில் அந்த ஆள் கிருஷ்ணம்மா. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இப்போது பிள்ளைக்காம்பராவில், அதாவது மலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளை வைத்துப் பார்க்கிற அறையில், உதவிக்கு இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகத்தைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிஸ்கைக் கையில் வாங்கி, வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல இது இருந்திருந்தா நான் ஏன் மிஸ் சாக்குத் துணியில புண்ணாயிருக்கப் போறேன்" என்றார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இன்றும் பிடிக்கும். அதுதான் பெரிய வேதனை.

அவர் திரட்டிய பதினான்கு பேரில் அவருடைய மருமகள் நிஷாந்தியும் ஒருத்தி. இருபத்தெட்டு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் டிலக்சன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவான். நிஷாந்தி அதிகம் பேசமாட்டாள், ஆனால் காது முழுக்க நம் பக்கம் இருக்கும்.

கூட்டம் ஒரு அரைநாள் வேலை நாளில் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. வெளியே மழை கொட்டியது. தொட்டிலில் இரண்டு குழந்தைகள், பாயில் பதினான்கு பெண்கள், முன்னால் கதிரையில் கிருஷ்ணம்மா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவ வேண்டும், மிளகு உருவின கையென்றால் மூன்று தரம், இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க ஆட வேண்டியதுதான். அதற்கு நன்றாகச் சிரித்தார்கள். எண்ணெய் தடவ வேண்டாம், தண்ணீர் போதும். மாதம் முடிந்ததும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, காயவைத்து, காற்றுப் போகிற துணிப்பையில் வைக்க வேண்டும். சோற்றுச் சட்டியில் அவிக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள் என்று தெரிந்து ஆளுக்கொரு பழைய பால்மா டின் கொண்டுபோயிருந்தேன். காய்ச்சல், தலைச்சுற்று, உடம்பில் சிவப்புத் தடிப்பு கண்டால் உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடுக்கும்போது அவசரப்படாமல் குந்தி, கீழ்நோக்கி முக்கி, விரலை முன்விளிம்பில் கொளுவி மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளே தொலைந்துபோக அங்கே வழி கிடையாது.

கடைசியில் படிவம். அதில் ஆறாவது கேள்வி, கருத்தடைக்கு லூப் போட்டிருக்கிறீர்களா என்பது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற அந்தச் சின்னச் சாதனத்தின் நூல் கீழே தொங்கும். டிஸ்கை எடுக்கும்போது நூலும் விரலில் மாட்டினால் லூப் இடம் மாறலாம், வெளியிலும் வந்துவிடலாம். அதனால் லூப் உள்ளவர்கள் டொக்டரிடம் காட்டிக் கேட்டபிறகுதான் டிஸ்க் தொட வேண்டும். கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் 'தனித்தனியாகக் கேட்கவும்' என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்தை அச்சடிக்கக் கொடுத்தவளும் நான்தான்.

மணி மூன்றரை. மழையில் ஒவ்வொருத்தியாக எங்கே கூட்டிப்போவது? லூப் என்றால் என்ன, டிஸ்கோடு அது ஏன் ஒத்துவராது என்று எல்லாருக்கும் பொதுவாக விளக்கிவிட்டு, போட்டிருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கோ என்றேன்.

ஒருத்தியும் தூக்கவில்லை. சிலர் கிருஷ்ணம்மாவைப் பார்த்தார்கள், சிலர் பாயைப் பார்த்தார்கள். நான் பதினான்கு படிவத்திலும் 'இல்லை' என்று கோடு கிழித்தேன்.

படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நிஷாந்தி கேட்டாள்.

"மிஸ், இழுக்கும்போது வேற ஏதாச்சும் சேர்ந்து வந்துருமா?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேற என்ன வரப்போகுது, குடலோ?" என்றேன். பாயே குலுங்கச் சிரித்தது. கிருஷ்ணம்மாவும் சிரித்தார். நிஷாந்தியும் சிரித்தாள். நான் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் எத்தனை தரம் திரும்பப் பார்த்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் தன்னால் எவ்வளவு வெளிப்படையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு வெளிப்படையாகக் கேட்டிருக்கிறாள். நான் பகிடி விட்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதமும் நல்ல மாதங்கள். இரண்டு பேர் எங்களுக்கு ஒத்துவராது என்று டிஸ்கைத் திருப்பித் தந்தார்கள். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். சிறுநீர் கழிக்கும்போது கொஞ்சம் தானாகவே வடிந்துவிடுவதைக் கண்டு முதலில் பயந்தவர்கள், பிறகு அதுவே வசதி என்றார்கள். நிஷாந்தி மலையிலிருந்து இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு மாதத்தின் இரண்டாம் நாள், அப்படியிருந்தும் கொழுந்து நிறுவையில் தான்தான் முதல் ஆள் என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு முற்பகல் நிஷாந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். இரத்தோட்டை பஸ் நிலையத்தில் நிற்பதாகவும், வர முடியுமா என்றும் கேட்டாள். போனேன். சின்னவளுக்கு மருந்து எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லி வந்திருந்தாள், ஆனால் சின்னவளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் நின்றாள். மரக்கறிக் கடைக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள். இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை, மாதவிடாய் வரவில்லை. அவளுக்கு லூப் இருந்தது. இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் வயிற்றை வெட்டித்தான் பிறந்தவை. இரண்டாவதில் இரத்தம் நிற்காமல் ஏழு பை ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டிலக்சனிடம் டொக்டர் சிங்களத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவன் தாயிடம் வந்து, கொஞ்ச நாளைக்குக் கவனமாக இருக்கச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகக் கருத்தடை செய்யக் கேட்டபோது கிருஷ்ணம்மா, ஆம்பிளைப் பிள்ளை ஒன்று பிறக்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். டிலக்சன் தாய்க்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை. நிஷாந்தி ஒன்றரை மாதம் பொறுத்து, சின்னவளுக்கு ஊசி போடப் போன நாளில் யாருக்கும் சொல்லாமல் லூப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நாலு வருடம் அது அவளைக் காப்பாற்றியது. அந்த நாலு வருடமும் கிருஷ்ணம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார். அவள் கூடவே போய்க் கும்பிட்டாள்.

"மூணாவது மாசம் மூடிய எடுக்கும்போது ஏதோ நூல் மாதிரி தட்டுப்பட்டுச்சு மிஸ். கக்கூஸ்ல வெளிச்சம் இல்ல. விழுந்ததா விழலையான்னு தெரியல. விழுந்திருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

பிறகு, நான் சாகும்வரை மறக்க முடியாததைச் சொன்னாள். "நீங்க அன்னைக்குக் கேட்டீங்கதானே. நான்தான் கை தூக்கல. ஒங்க மேல குத்தமில்ல மிஸ்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். என் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் லூப் இல்லை. ஒன்பது வாரக் கரு இருந்தது. அந்த டொக்டர் நல்ல பெண். பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தார். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இந்த நாட்டுச் சட்டம் கருவைக் கலைக்க விடும், இப்போது இவர் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறார், அதனால் கவனமாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் செய்யக்கூடியது என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. நிஷாந்திக்குச் சிங்களம் விளங்கும். அவள் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். லூப் இருந்த கதை மாமியாருக்கும் புருஷனுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் நாலு வருடம் ஏமாற்றினேன் என்று ஆகிவிடும், வயிற்றில் பிள்ளையோடு எங்கே போவேன் என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

அலுவலகத்தில் எங்கள் பணிப்பாளர் கைறுன்னிஸாவிடம் ஆள் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். படிவங்களைப் பார்த்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. உங்கள் பக்கம் பிழையில்லையே, அவர்தானே மறைத்திருக்கிறார் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடுத்த நாளே தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவுக்குப் போகாமல், மலைக்கு ஏறி, கொழுந்து பறித்துக்கொண்டு நின்றவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொருத்தியிடமாகக் கேட்டேன். பதின்மூன்று பேரில் மூன்று பேருக்கு லூப் இருந்தது. மூன்று பேருக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது. ஒருத்திக்குப் பாதி இறங்கியிருந்தது, மாற்றிவிட்டார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் பதில் வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள்தான் எடுத்தது.

மூன்றாம் மாதம் தாண்டியதும் கிருஷ்ணம்மாவிடம் இருந்து அழைப்பு வந்தது. போனால் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி என் வாயில் லட்டு ஊட்டினார். மூடி போட்டதில்தான் மருமகள் வயிற்றில் இருந்த கெட்டதெல்லாம் வழிந்து கர்ப்பப்பை சுத்தமாகிவிட்டது, அதனால்தான் நாலு வருடம் நிற்காத பிள்ளை இப்போது நின்றது என்றார். அப்படியெல்லாம் இல்லை அம்மா, மூடிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். அதற்குள் கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து டிவிஷனிலிருந்து கலியாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாத விஜிதா என்று ஒரு பெண், தனக்கும் ஒரு மூடி தரச் சொல்லி என் முன்னால் அழுதாள். அவளுக்கு நான் உண்மையை எப்படிச் சொல்வது? டொக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், நிஷாந்தி கதவுநிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு லட்டு இருந்தது. தின்னவில்லை.

ஆறாம் மாத ஸ்கேனில், நச்சுக்கொடி பழைய தையலைத் துளைத்து வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். முப்பத்தைந்து வாரத்தில் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்து, கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவது என்று திட்டம். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே வார்டில் அனுமதித்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் போனேன். அவள் தன்னைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. மூத்தவளுக்கு முட்டை வெள்ளையைக் கண்டால் வாந்தி வரும், மஞ்சள் கரு மட்டும் கொடுக்க வேண்டும். சின்னவளுக்குத் தலை வாரும்போது நடு உச்சியில் சீப்பு படக் கூடாது, அங்கே பழைய தழும்பு இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். இதையெல்லாம் நீரே போய்ச் செய்யலாம்தானே என்று நான் அதட்டினால் சிரிப்பாள்.

ஒரு நாள் மட்டும் கேட்டாள். "மிஸ், எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா, பாவமா?"

இல்லை என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். பேச ஒன்றும் வரவில்லை. பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

முப்பத்துமூன்றாம் வாரம், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வார்டிலேயே இரத்தம் போகத் தொடங்கியது. ஒப்பரேஷனுக்கு ஓடித்தான் கொண்டுபோனார்களாம். செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்களாம். நான் போய்ச் சேரும்போது டிலக்சன் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். கிருஷ்ணம்மா வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஆண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நிஷாந்தி போய்விட்டாள்.

கிருஷ்ணம்மா அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. அது நடிப்பில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு மருமகள் மீது உயிர். என்னைக் கட்டிக்கொண்டு, எனக்குப் பேரனே வேண்டாம் மிஸ், அவளை எழுப்பித் தரச் சொல்லுங்கள் என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகவில்லை. தைரியம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து கிருஷ்ணம்மாதான் ஆள்விட்டுக் கூப்பிட்டார். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். டிலக்சன் கொழும்புக்குத் திரும்பியிருந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குழந்தை மடியில் போத்தல் பால் குடித்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மா பத்து வருடம் கூடினவர் போல இருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த சீலை மடிப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.

நிஷாந்தியின் கூறைச் சீலையைப் பெரியவளுக்கென்று எடுத்து வைக்கப்போனபோது, மடிப்புக்குள் இது இருந்ததாம். சிங்களத்தில் எழுதியிருக்கிறது, தனக்கு வாசிக்கத் தெரியாது என்றார்.

"மவன்கிட்ட காட்டல மிஸ். ஏதோ மனசு வேணாம்னுச்சு. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

கிளினிக் அட்டை. பெயர், வயது, லூப் போட்ட திகதி, மாற்ற வேண்டிய வருடம், எல்லாம் நீல மையில் இருந்தது. ஊசிபோட்ட அட்டை என்று ஒரு பொய் சொன்னால் முடிந்துவிடும். நான் சத்தியம் செய்தவள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிழையான பதிலை எழுதிக் கோடு கிழிப்பதை நான் ஒருதரம் செய்துவிட்டேன், இன்னொரு தரம் முடியவில்லை. வாசித்தேன். லூப் என்ற சொல்லையும் வாசித்தேன்.

குழந்தை போத்தலை விட்டு வாயை எடுத்தது. கிருஷ்ணம்மா அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனதில் திகதிகள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. டொக்டர் சொன்னதாக மகன் சொன்னது, கோயில்கள், பிள்ளைக்காம்பரா.

"அப்ப, கை தூக்கச் சொன்னீங்களே, அன்னைக்கு நான் முன்னாடிதான் ஒக்காந்திருந்தேன்."

"ஓம்."

"எனக்குப் பயந்துதான் செத்திருக்கா."

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "உங்களை அங்கே உட்கார வைச்சது நான் அம்மா. தனியாக் கேக்கச் சொல்லி எழுதியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டன். பாதிப் பழி என்னுடையது" என்றேன். அழுதேன்.

அவர் அழவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்தி, துணியைச் சரிசெய்து, வாசலைப் பார்த்தார்.

"பாதியாவெல்லாம் பிரிக்க முடியாதுங்க மிஸ்" என்றார். "புள்ளைங்க ரெண்டும் வர்ற நேரமாச்சு. பெரியவ சிங்கள எழுத்து படிப்பா. அட்டைய உள்ள வைங்க."